வள்ளத்துக்கு எந்த நாள் ஓய்வு

ஏப். 22, புதன்

விடியவே வெயில். காற்று இல்லை. கடலைக் குழப்பும் கச்சான் காற்று தொடங்க இன்னும் சில கிழமைதான். அதற்குள் பிடித்தால்தான் மீன்.

வாங்க: சவர்க்காரம், தீப்பெட்டி, கோயிலில் நான் படிப்பிக்கும் ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகளுக்குக் கலர் பென்சில்.

என் கணவரின் தம்பி கிளெமென்ற் நேற்றுச் சொல்லிவிட்டான். வெள்ளி பொழுதுபட்டால் சனி பொழுதுபடும் வரை கடலுக்கு வரமாட்டானாம். புத்தளத்தில் ஒரு சனிக்கிழமைச் சபையில் சேர்ந்து முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து இரண்டு மாதம். எங்கள் கத்தோலிக்க ஊரிலோ ஞாயிறு வள்ளம் இறங்கக் கூடாது, கோயில் சட்டம். அண்ணனுக்கும் தம்பிக்கும் இருப்பது ஒரே வள்ளம். இரண்டு நாளும் கரையில் கிடந்தால் விளங்கும்!

மீன் எடுக்க வரும் முஸ்லிம் நானா: "எங்கட வெள்ளி ஜும்மாவையும் சேத்தா மீனுக்குக் கிழமைக்கு மூண்டு நாள் லீவு, தங்கச்சி."

எனக்குச் சிரிப்பு. இவருக்கு வரவில்லை.

ஏப். 23, வியாழன்

பின்னேரம் தம்பி வந்தான், கையில் ஸிப் வைத்த உறையில் வேதாகமம். புதுச் சபைக்காகத் தேத்தண்ணீரும் விட்டுவிட்டான். மல்லி அவித்துக் கொடுத்தேன்.

"அண்ணே, சனி நீங்க வள்ளத்தக் கொண்டு போங்க. ஞாயிறு நான் கொண்டு போறன்."

"பாதர் மந்திரிச்ச வள்ளம். அன்னம்மாள் எண்டு பேர் வச்சது. ஞாயிறு இறங்காது."

"நான் மாறலாம், வள்ளம் மாற ஏலாதோ?"

நான் சிரித்திருக்கக் கூடாது. இவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அப்ப வித்துப் பிரிப்பம்" என்றார். பதினாறு வருடம் ஒன்றாகத் தொழில் செய்தவர்கள்.

தம்பி கடைசியாக ஒன்று சொன்னான். "ஞாயிறு ஓய்வு எண்டு வேதத்தில ஒரு வசனம் காட்டுங்க. காட்டினா சனியும் வாறன்."

இவர் என் பக்கம் திரும்பி, "டீச்சர், காட்டு" என்றார். சனிக்குள் காட்ட வேண்டும்.

ஏப். 24, வெள்ளி

சமையல் பாதி, பைபிள் பாதி. பருப்பு அடிப்பிடித்தது.

ஓய்வுநாள் எங்களுக்கு மூன்றாம் கட்டளை, வேறு சபைகளுக்கு நான்காம். எண்ணுவதிலும் ஒற்றுமை இல்லை. எப்படி எண்ணினாலும் ஏழாம் நாள் சனிதான். அப்போஸ்தலர் பணியில் ஓர் இடம் கிடைத்தது, வாரத்தின் முதல் நாள் அப்பம் பிட்கக் கூடினார்கள் என்று. கூடினார்கள், சரி. வேலை செய்யாதே என்று எங்கே? எட்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு, ஞாயிறு ஓய்வு வேதத்தில் எழுதியிருக்கிறது என்றே படிப்பித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

பாதரைக் கேட்கப் போனேன். மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார். "எழுதியிருக்கு எண்டு சொல்லாதேங்க டீச்சர். ஆண்டவர் உயிர்த்த நாள் எண்டு முதல் கிறிஸ்தவ ஆக்கள் கூடினாங்க. திருச்சபை அதைச் சட்டமாக்கிச்சு. எந்தெந்தப் புத்தகம் பைபிளில சேரும் எண்டதும் திருச்சபை சொன்னதுதானே."

"வள்ளமும் பூசைக்கு வர வேணுமா பாதர்?"

சிரித்தார். "அது கோயில் கமிட்டியின்ர சட்டம். அவங்களைக் கேளுங்க."

கமிட்டியில் இவரும் ஒருவர்.

அந்த அப்பம் பிட்கும் வசனத்தைக் காட்டிவிட்டால் போதும். நான் சொன்னால் தம்பி நம்புவான். அதுதான் பயம்.

ஏப். 25, சனி

வள்ளம் கரையில். தம்பி இல்லாமல் போக இவருக்கும் மனமில்லை. வலையை அவிழ்த்தார், கட்டினார், திரும்ப அவிழ்த்தார்.

பொழுதுபட்டதும் தம்பி வந்தான். இவர் கதவு நிலையில் நின்றார்.

"இல்லை" என்றேன். "வசனம் இல்லை. திருச்சபை வச்சது."

"மனுசர் வச்சது மாறும் மச்சாள்."

"உன்ட கையில இருக்கிற புத்தகத்தையும் மனுசர்தானே சேத்துத் தந்தவங்க?"

அவன் உறையின் ஸிப்பை இழுத்து மூடிக்கொண்டு போனான். இவரைத் தோற்கடித்தவள் நான்தான். இவர் சோறும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஏப். 26, ஞாயிறு

மேகமூட்டம். முதல் மணி அடித்தபின் பூசைக்குப் புறப்பட்டோம். கரையோரப் பாதை. தம்பி தனியே வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். அசையவில்லை. மற்ற நாளில் கைகொடுக்கும் கமிட்டி ஆட்கள் நாலைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி.

இவர் இறங்கிப் போனார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். வள்ளத்துக்குத் தோளைக் கொடுத்தார். வெள்ளைச் சேட், நீளக் கால்சட்டை, எல்லாவற்றோடும். இருவர் போதவில்லை. பிள்ளைகளின் கொப்பிகளை மணலில் வைத்துவிட்டு நானும் போனேன்.

வள்ளம் மிதந்தது. தம்பி ஏறிக்கொண்டு, "வாங்க அண்ணே" என்றான்.

"இண்டைக்கு எனக்கு ஞாயிறு. நீ போ."

இடுப்புவரை நனைந்தபடி பூசை கண்டார். ஈரம் படுமென்று வாங்குப் பலகையில் இருக்காமல் நின்றார். பூசை முடிந்ததும் கமிட்டித் தலைவர் வாசலில் மறித்தார். "இனி நீ கமிட்டியில இல்ல." இவர் சண்டை பிடிக்கவில்லை. சரி என்று தலையாட்டினார்.

மறைக்கல்வியில் மூன்றாம் கட்டளை. எழுதியிருப்பது எது, திருச்சபை வைத்தது எது என்று பிரித்துச் சொன்னேன். அப்படிச் சொல்வது முதல் தடவை.

பத்து மணி. இஞ்சின் சத்தம் கேட்கிறது. இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். கரையேற்றவும் மூன்று பேர் வேண்டும். நானும் போகிறேன்.