விரித்த கைகளின் அளவு

நண்பா,

யாருமே நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று வங்கக் கடலின் மேல் ஆணையிட்டுத் தொடங்குகிறேன். நீ நம்பியாக வேண்டியதில்லை. நீ அங்கே இருந்தவன். போன ஐப்பசியில் காமாலை வந்து போய்ச் சேர்ந்தும் விட்டாய்.

இன்று காலை ராயபுரத்துத் தையற்கடையில் சட்டைக்கு அளவு கொடுத்தேன். நாடா மார்பைச் சுற்றி, தோளைத் தொட்டு, மேசைக்கே போய்விட்டது. நான் மட்டும் இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

"அளவு முட்ஞ்சி போச்சு நைனா, கைய எறக்கு. பறக்கப் போறியா இன்னா?" என்றான் தையற்காரன். கடையே சிரித்தது. எனக்கு உன் நினைவு வந்தது.

கல்லூரியில் கடைசி வருஷம் நம் இருவருக்கும் ஒரே தலைப்பு: எண்ணூர் முகத்துவாரம். கட்டுரை தேறினால்தான் பட்டம். பட்டம் வந்தால்தான் மேற்படிப்புக்கு உதவித்தொகை. எனக்கு அப்பாவின் அரிசி மண்டி இருந்தது. உனக்கு அந்தக் கட்டுரைதான் இருந்தது.

நான் நூலகத்துக்குள் இறங்கினேன். அங்கிருந்த கரையான்கள் என்னைவிட அதிகம் படித்தவை. சந்தேகம் கேட்டால் பக்க எண்ணோடு பதில் சொல்லும். ஆறு புத்தகங்கள் எடுத்தேன். முகத்துவாரம் எக்காலமும் திறந்தே இருக்கும் என்று ஆறும் ஒரே குரலில் பாடின. ஐந்து பேர் முதலாவதைப் பார்த்து எழுதியவர்கள். முதலாவதை எழுதிய துரையோ ஒரு மழைக்காலத்தில் வந்து, நாற்காலியை விட்டு எழாமல் பார்த்துவிட்டுப் போனவர்.

நீ முகத்துவாரக்குப்பத்துப் பிள்ளை. மாசியிலிருந்து ஆனி வரை தண்ணீரிலேயே நின்றாய். உன் காலில் சிப்பி முளைத்தது. கொக்குகள் உன்னிடம் அனுமதி கேட்டுத்தான் மீன் பிடித்தன. இரும்புக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, நனைந்த நீளத்தைக் கையால் அளந்தாய். இரு கைகளையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி ஒரு பாகம். ஆழத்துக்கு உங்கள் குப்பத்தில் அதுதான் கணக்கு. கோடையில் மணல் ஏறி ஏறிக் கடைசியில் வாய் அடைத்தே போகிறது என்று எழுதினாய்.

"நீ செத்தவனுங்களக் கேட்டுகினு கீற மாமு. நான் தண்ணியக் கேட்டுகினு கீறேன்" என்பாய்.

"செத்தவன் பேச்சு மாற மாட்டாம்ல" என்பேன் நான்.

வாய்மொழித் தேர்வில் மூன்று பெரியவர்கள். என் அடிக்குறிப்புகளின் அழகில் மயங்கி என்னை உடனே அனுப்பிவிட்டார்கள். கதவருகே நின்றுகொண்டேன். உன் முறை வந்தது.

"இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?"

"புஸ்தகத்துல இல்ல சார். முகத்துவாரத்துல கீது. இப்ப ரயில் ஏறினா வெயில் ஏறதுக்குள்ள பாத்துட்லாம்."

"பாகம் என்று போட்டிருக்கிறாய். யாருடைய பாகம்?"

"என்துதான் சார்."

பாகம் என்றால் ஆறடி என்று அவர்களிடம் ஒரு புத்தகம் இருந்தது. உன்னைக் கை விரித்து நிற்கச் சொன்னார்கள். பியூன் நாடா பிடித்தான். ஆறடிக்கு நாலு விரற்கடை குறைந்தாய். ஆகவே உன் அளவுகள் எதுவும் செல்லாது.

"கை கொறஞ்சா தண்ணி இன்னும் கொறைவுதானே சார்?"

மூவரும் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். முகத்துவாரத்தை எட்டிப் பார்க்காதவர்கள், உன் உடம்பைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துத் தள்ளிவிட்டார்கள்.

நீ துறைமுகத்தில் மூட்டை எண்ணப் போனாய். அடுத்த கோடையில் உன் அம்மா மீன்கூடையோடு முகத்துவாரத்தை நடந்தே கடந்தாள். என் கட்டுரை அதே நூலகத்தில் ஏழாவது புத்தகமாக உட்கார்ந்திருக்கிறது. போன வருஷம் ஒருவன் அதைப் பார்த்து எழுதித் தேறியும் விட்டான்.

கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்வேன். அதில் உன் கைகள் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர்க் கோபுரம் வரை நீளும். நாடா அறுந்து விழும். மூன்று பெரியவர்களையும் ஒரே அணைப்பில் வாரிக் கடலில் போடுவாய். மருமக்கள் எல்லாம் கைதட்டுவார்கள். "மாமா, எவ்வளவு புளுகு!" என்பார்கள். கரையானும் கொக்கும் சிப்பியும் என் சரக்குத்தான், ஒப்புக்கொள்கிறேன்.

கூட்டாமல் குறைக்காமல் நான் வைத்திருப்பது ஒரு சின்ன இடம். அதை எந்தக் கல்யாணத்திலும் சொன்னதில்லை. பியூன் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போன பிறகும் நீ கைகளை விரித்தபடியே நின்றாய். இறக்கச் சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.