பாட்டிலில் ஊற்றிய சாத்துக்குடி

ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை. ராத்திரி.

எனக்கு எழுத வராது. போனில் பேசினால் அது எழுதிக்கொள்கிறது.

பேத்திக்கு ஒன்றரை வயது. முன்பல் நான்கும் காவியேறிக் கிடக்கின்றன. மருமகள் செல்வி இன்றைக்கு லீவு போட்டு, எங்கள் இருவரையும் அடையாறில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"தூங்கறப்போ பாட்டில்ல ஜூஸ் குடுக்கறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

செல்வி கொடுப்பதில்லை. அவள் தி.நகர் துணிக்கடைக்கு வேலைக்குப் போனதும் நான்தான் கொடுப்பேன். சாத்துக்குடி பிழிந்து, சர்க்கரை போட்டு, பாட்டிலை வாயில் வைத்தால் குழந்தை அப்படியே தூங்கிவிடும். பாண்டி பஜாரில் நாற்பது வருஷம் ஜூஸ் வண்டி போட்டவன் நான். சர்க்கரை வேண்டாம் என்ற ஒருசிலரின் முகமெல்லாம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் டாக்டர் கேட்டபோது குழந்தையின் சட்டையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

"நான்தான் மேடம் குடுத்தேன்" என்றாள் செல்வி. திட்டு முழுக்க அவளுக்கு விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். "நான்தாம்மா குடுத்துக்கினு இருந்தேன்."

"டாக்டர் கேக்கசொல்லவே உங்க மூஞ்சி சொல்லிடுச்சி மாமா."

"அப்புறம் இன்னாத்துக்கு நீ பழிய ஏத்துக்கினே?"

"உங்கள அவங்க திட்றத நான் பாத்துக்கினு நிக்கணுமா?"

இனிமேல் குழந்தையைப் பால்வாடியில் விட்டுவிடுவாளோ என்ற பயத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்:

"பாட்டில தூக்கிப் போட்டுட்டேன். நாளைக்குப் பழத்த உரிச்சி, கொட்ட எடுத்து, சின்னதா பிச்சி ஊட்டுங்க. தூங்க மாட்டா, கத்துவா. நீங்கதான் சமாளிக்கணும்."

நீங்கதான் என்றாள்; பால்வாடிப் பேச்சையே எடுக்கவில்லை. இப்போது தூக்கத்தில் கண் சொருகுகிறது.