பாப்பா கொடுத்த மரியாதை

என் அன்பான கணவருக்கு,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? ஊர் ஊராக மேடையேறி ஜோக் சொல்லிக்கொண்டு நான் நன்றாகவே இருக்கிறேன்.

போன வாரம் பாப்பா போனில், “நீங்க சாப்ட்டீங்களா?” என்று கேட்டாள் அல்லவா? பேச்சு வந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றவள். அன்றைய நிகழ்ச்சியில் அதையே சொன்னேன். “என் பொண்ணு எனக்கு மரியாதை குடுக்க ஆரம்பிச்சிட்டா. இன்னும் கொஞ்ச நாள் வெளியூர்லயே இருந்தேன்னா, உக்காருங்க, யாரப் பாக்கணும்னு கேப்பா.”

அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குத்தான் அடுத்த வரி வரவில்லை. சும்மா நின்றேன். அதற்கும் கைதட்டினார்கள். இறங்கி வந்ததும் மேனேஜர், “அந்த எடத்துல நிறுத்தினீங்களே, பிரமாதம். தினமும் அப்படியே பண்ணுங்க” என்றார். இப்போது தினமும் அங்கே நிறுத்துகிறேன்.

நீங்கள் கவலைப்படாதீர்கள். பாப்பாவைத் திருத்தவும் வேண்டாம்; சொல்லிக்கொடுத்து அவள் என்னை நீ என்று கூப்பிட வேண்டாம்.

இங்கே குளிர்கிறது, என் பழைய சால்வையை அனுப்புங்கள். கூடவே பாப்பா போட்டுக் கழற்றிய கவுன் ஒன்றும் வையுங்கள். துவைத்துவிடாதீர்கள்.

மேடைக்குக் கூப்பிடுகிறார்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா