கௌசி கதைச்சது

செப்டெம்பர் 6, 2005. செவ்வாய்

சோளகக் காத்து இன்னும் அடங்கேல்ல. வகுப்பறை மேசையெல்லாம் புழுதி. காலமை முழுக்க துடைச்சதுதான் வேலை. தலையிடி.

பதினொண்டுக்கு ஜெனறேற்றர் போட்டினம். கௌசியின்ர வீடியோவை எடுத்து வைப்பம் எண்டு அலுமாரிக்குள்ள இருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்தன். ஞாயிறு கௌசியின்ர அம்மா வாறா. வீட்டில பிள்ளையின்ர படம் ஒண்டுகூட இல்லையாம். பள்ளிக்கூடத்தில "ஆடுற படம்" இருக்கெண்டு ஆரோ சொல்லியிருக்கினம்.

கொம்பியூட்டரில கொழுவினன். டிக். டிக். டிக். பிறகு கிர்ர் எண்டு ஒரு இழுவை. திரும்ப டிக். திரை உறைஞ்சு போச்சு. நிப்பாட்டிப் போட்டன். திரும்பவும் அதே. மூண்டாம் தரம் கொஞ்ச நேரம் ஃபோல்டர் பேர்கள் தெரிஞ்சுது. நான் போடாத ஃபோல்டர் ஒண்டு அதுக்குள்ள: "சினிமா".

சினிமா!

கோவத்தோட எழுதிறன். எழுத்தைப் பாத்தாலே தெரியும்.

அந்த டிஸ்க்கில என்ன இருந்தது எண்டு எழுதி வைக்கிறன். நாளைக்கு "பெரிசா ஒண்டுமில்லை" எண்டு கதைப்பினம். எங்கட காது கேளாத பிள்ளைகளின்ர சைகைகள், ரெண்டு வருசமாப் பிடிச்சது. சாப்பாடு, உடுப்பு, மிருகம், வீதி, கோவம், வெக்கம். கொழும்புச் சைகைப் புத்தகத்தில இல்லாத சொல்லுகள், விடுதியில பிள்ளைகள் தாங்களே உண்டாக்கினது. சோதனைச் சாவடி எண்டால் கையைத் தூக்கிப்போட்டு இடுப்பைத் தடவிறது. விடுதிச் சம்பல் எண்டால் ஒரு கண்ணை இறுக்கி மூடிறது. அதிபரின்ர பேருக்கு வயித்தில ரெண்டு தட்டு. பிறகு, கௌசி கதை சொன்ன வீடியோ.

வேற பிரதி இல்லை. சின்னக் கமெரா, கார்ட் நிறைஞ்சால் டிஸ்க்குக்கு மாத்திப்போட்டு கார்ட்டை அழிக்கிறது. கொம்பியூட்டரிலயும் இடமில்லை. சீடி வாங்கித் தாங்கோ எண்டு அதிபரிட்டக் கேட்டனான். கேட்டனான். கேட்டனான்.

கௌசிக்குப் பதினொரு வயசு. ஓகஸ்ட் லீவில வீட்டை போன இடத்தில, றோட்டுப் போடக் கல்லு ஏத்தி வந்த லொறி. ரைவர் சொன்னதாம்: "ஹோர்ன் அடிச்சனான், பிள்ளை விலகேல்ல."

ஹோர்ன் அடிச்சானாம்.

செப். 7, புதன்

வெயில். கிணத்துத் தண்ணி கலங்கல்.

காலமை அ.வின்ர அறைக்குப் போனன். (அதிபர் எண்டு முழுசா எழுத இண்டைக்கு மனமில்லை.)

"சேர், டிஸ்க்கை வீட்டை கொண்டுபோனீங்களோ?"

"ஓம் பிள்ளை. லீவுக்கு மச்சான் நாலைஞ்சு படம் போட்டுத் தந்தவர். ஏன்?"

"கீழ விழுந்ததோ?"

கொஞ்சம் யோசிச்சார். "திருப்பிக் கொண்டு வரேக்க மோட்டச்சைக்கிளால டிஸ்க் வைச்ச பாக் ஒருக்கா விழுந்தது. ஒண்டும் உடையேல்ல. ஒரு கீறல்கூட இல்லை, பாரும்."

"விழுந்ததெண்டு எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"உதில என்ன சொல்லக் கிடக்கு? ஏன் பிள்ளை கத்துறீர்? பிள்ளையள் பாக்குதுகள்."

பாக்கட்டும். அதுகளுக்குச் சத்தம் கேக்காது, முகம் விளங்கும். யன்னலடியில நிண்ட ரஜிதா (கௌசிக்குப் பக்கத்துக் கட்டிலில படுக்கிறவள்) மற்றவைக்குக் கையால சொன்னாள்: மிஸ், நெருப்பு. சரியாத்தான் சொன்னாள்.

பிறகு அ. சொன்னதை அப்பிடியே எழுதிறன். "கையை ஆட்டுறதுதானே பிள்ளை. திரும்ப எடுத்தால் போச்சு."

"கௌசியை எங்க சேர் திரும்ப எடுக்கிறது?"

தேத்தண்ணியை எடுத்துக் குடிச்சார்.

பின்னேரம். உண்மை எழுதினால் கௌசியின்ர அம்மாவிலயும் கோவம். பெற்றோருக்குச் சைகை பழக்கிற சனிக்கிழமை வகுப்பு ரெண்டு வருசமா நடக்குது. ஒரு சனிக்குக்கூட அவ வரேல்ல. உயிரோட இருந்த பிள்ளையோட கதைக்கப் பழகேல்ல, இப்ப படம் வேணுமாம். இதை ஆரிட்டையும் சொல்லமாட்டன். இஞ்ச மட்டும்.

செப். 9, வெள்ளி

பள்ளிக்கூடம் முடிய நேர கிளிநொச்சிச் சந்தையடிக் கொம்பியூட்டர் கடைக்கு. போற வழியில செருப்பு வார் அறுந்தது. ஊசி குத்திக்கொண்டு நடந்தன்.

கடைக்காரர் கொழுவிப் பாத்தார். டிக் டிக். காதைக் கிட்டக் கொண்டுபோனார், பெரிய டொக்டர் மாதிரி.

"போர்மட் அடிச்சால் புதுசு மாதிரி வந்திடும் மிஸ்."

"அப்ப உள்ளுக்க இருக்கிறது?"

"அது போயிடும். ஆனா டிஸ்க் தப்பும்."

டிஸ்க்கை ஆர் கேட்டது? நான் வாய் திறக்க முதல் மௌசை அதில கொண்டுபோய் வைச்சிட்டார். வயரைப் பிடிச்சு இழுத்துப்போட்டன். "உப்பிடி இழுத்தால் பழுதாப் போகும் மிஸ்!" எண்டார். பழுதாப் போகுமாம்!

வெங்காயம் வாங்க மறந்து போனன்.

என்ர அக்கா சொன்னா, வவுனியாவில நசீர் எண்டு ஒருத்தர் இருக்கிறார், அவையின்ர ஒஃபிஸ் கொம்பியூட்டரைப் பாத்தவர் எண்டு. நாளைக்குப் பெற்றோர் வகுப்பை விட்டிட்டு முதல் பஸ்.

செப். 10, சனி

எழும்பினது இருட்டோட. டிஸ்க்கைத் துவாயில சுத்தி மடியிலயே வைச்சிருந்தன். ஒவ்வொரு குழிக்கும் ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சன். பக்கத்தில இருந்த மனுசி, "என்ன பிள்ளை, முட்டையோ?" எண்டா. ஓம் எண்டன்.

ஓமந்தைச் சோதனைச் சாவடியில வரிசை. இயக்கத்தின்ர பக்கம் ஒரு துண்டு எழுதி, ஆமியின்ர பக்கம் இன்னொரு துண்டு எழுதி, சாமானெல்லாம் மேசையில. ஆமிக்காரர் துவாயை அவிட்டார்.

"மே மொகக்த? உள்ளே என்ன?"

"பிள்ளைகளின்ர கை" எண்டு வாயில வந்திட்டுது. அவருக்கு விளங்கேல்ல, முகம் மாறிப்போச்சு. பள்ளிக்கூடக் கடிதத்தைக் காட்டினன். அதை வாசிக்க இன்னொருத்தர் வரவேணும். அவர் வரும்வரைக்கும் வெயிலில நிண்டன். இதுக்குள்ள முதல் ஆள் டிஸ்க்கைக் காதடியில வைச்சுக் குலுக்கிப் பாத்தார். குலுக்கினார்! கடைசியில போ எண்டு கையைக் காட்டினார்.

நசீர் நானாவின்ர கடை, பஸ் ஸ்ராண்டுக்குப் பின்னால. சின்ன இடம், ஃபான் காத்துச் சூடு. முல்லைத்தீவுப் பக்கத்து ஆளாம், தொண்ணூறில முஸ்லிம் ஆக்களைக் கலைக்கேக்க வெளிக்கிட்டது. போன வருசம் போய்ப் பாத்தவராம், வீட்டுக்குள்ள மரம் நிக்குதாம். சொல்லிக்கொண்டே டிஸ்க்கைப் பூட்டினார்.

கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டார். "தங்கச்சி, இது இண்டைக்கோ நாளைக்கோ எண்டு கிடக்கு. வாசிக்கிற முள் அடிபட்டிட்டுது. ஓட ஓட இன்னும் தேயும். எல்லாம் எடுக்கேலாது. எது முதல் வேணும் எண்டு சொல்லுங்க."

எது முதல்?

முப்பது பிள்ளைகளின்ர ரெண்டு வருசம் ஒரு பக்கம். சனிக்கிழமை வகுப்புக்கு வராத ஒரு அம்மா கேட்ட ஒரு வீடியோ மற்றப் பக்கம். அ.வின்ர முகம் கண்ணுக்கு முன்னால வந்துது, "திரும்ப எடுத்தால் போச்சு" எண்டுகொண்டு. அந்த மனுசன் சொன்னதில பாதி சரி எண்டதுதான் எனக்கு விசர். மற்றப் பிள்ளைகள் இருக்கினம். எடுக்கலாம்.

"கௌசி எண்டு ஒரு ஃபைல் இருக்கு நானா. அதை முதல்."

திரையில நீலக் கோடு ஊர்ந்துது. அரைவாசியில நிண்டுது. திரும்ப ஊர்ந்துது. வந்திட்டுது. "நடுவில கொஞ்சம் ஓட்டை. மற்றது ஓடும்" எண்டார்.

பிறகு சாப்பாட்டு ஃபோல்டர். அதில பாதி வரேக்க டிஸ்க் ஒரு சத்தம் போட்டுது, கதிரையைத் தரையில இழுத்த மாதிரி. அதோட சரி. வீதி இல்லை. மிருகம் இல்லை. கோவம் இல்லை, வெக்கம் இல்லை.

கடை வாசலில நிண்டு அழுதன். அழுகை இல்லை அது, கோவம். ரெண்டுக்கும் ஒரே தண்ணிதான் வருகுது.

சாவடி மூட முதல் திரும்பவேணும். நானா எழுதித் தந்த சீடியைச் சட்டைக்குள்ள வைச்சன்.

செப். 11, ஞாயிறு

மப்பு. மழை வராது.

ஜெனறேற்றருக்கு எண்ணெய் நானே வாங்கினது. ஞாயிறு போட ஏலாதெண்டு காவல்காரரிட்ட அ. சொல்லி வைச்சவராம். திறப்பைத் தாங்கோ எண்டு கையை நீட்டினன். தந்தார்.

கௌசியின்ர அம்மா, லெட்சுமி, ஒன்பதுக்கே வந்திட்டா. எனக்கும் அவவுக்கும் ஒரே வயசு இருக்கும், ஆனா அக்கா எண்டுதான் வாய் வருகுது. மலைநாட்டில இருந்து வந்து இஞ்ச குடியேறின குடும்பம். புருசன் இல்லை. வயல் கூலி. கதிரையில இருக்கமாட்டன் எண்டா. நான் பிடிச்சு இருத்தினன்.

வீடியோவைப் போட்டன். கௌசி. பள்ளிக்கூடச் சட்டை, ஒரு பக்கப் பின்னல் அவிண்டு கிடக்கு. கமெராவைப் பாத்து ஒரு சிரிப்பு. கை ஓடத் தொடங்கினது.

லெட்சுமியக்கா வாயைப் பொத்திக்கொண்டு பாத்தா. கொஞ்சம் பொறுத்து, "என்னமோ சொல்லுதே டீச்சர். என்ன சொல்லுது?"

கௌசியின்ர கையைப் பாத்து நான் குரல் குடுத்தன். "எங்கட வீட்டில ஒரு கோழி அடை கிடந்தது. நல்ல மழை. ஒரு கீரி வந்தது, மெல்ல மெல்ல. நான் கண்டிட்டன். அம்மாவை இழுத்துக் காட்டினன். அம்மா..."

அந்த இடத்தில ஓட்டை. பச்சைக் கட்டம் கட்டமாத் திரை உடைஞ்சு போச்சு. பிறகு திரும்பக் கௌசி, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறாள், கண்ணைத் துடைக்கிறாள். "பிறகு நாங்கள் ரெண்டு பேரும் மழையிலயே குளிச்சம்." முடிஞ்சுது.

"நடுவில அழிஞ்சு போச்சு அக்கா. கீரி வந்தாப் பிறகு என்ன நடந்ததெண்டு எங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும் டீச்சர்." திரையைப் பாத்துக்கொண்டே சொன்னா. "வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு ஓடுனேன். சேத்துல வழுக்கி குப்புற விழுந்துட்டேன். மூஞ்செல்லாம் சேறு. அந்தக் கீரி நின்னு என்னயப் பாத்துட்டுதான் போச்சு. இது சிரிச்ச சிரிப்பு..."

சீலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சுப்போட்டு:

"இதெல்லாம் சொல்லத் தெரியுமா டீச்சர் அதுக்கு? பசிக்குது, தூக்கம் வருது, வலிக்குது. அவ்வளவுதான் சொல்லும்னு நெனச்சிருந்தேன்."

என்னால அடக்கேலாமல் போச்சு. "சனிக்கிழமை வகுப்புக்கு ஏன் அக்கா வரேல்ல?"

"கேட்டேனே. சேத்துவிட வந்த அன்னைக்கே பெரிய சாருக்கிட்ட கேட்டேன், நானும் வந்து படிக்கணுமான்னு. நீ எதுக்கு, புள்ள இங்க படிச்சா போதும், நீ போயி வேலையப் பாருன்னாரு."

இன்னொருக்காப் போடச் சொன்னா. எண்ணெய் முடியும் மட்டும் போட்டன்.

செப். 13, செவ்வாய்

காத்து. கண்ணெல்லாம் மண்.

நேற்று அ.வோட பெரிய சண்டை. இண்டைக்கும் மிச்சம். "அந்தச் சனத்துக்கு ஏன் பிள்ளை உது? ஒரு நாள் கூலியை விட்டிட்டு வந்து என்ன செய்யப் போகுதுகள்?" நல்ல மனசோட சொன்னவராம்.

"அதை அவவிட்டயல்லோ கேட்டிருக்கவேணும் சேர். அவ கேட்டவா. நீங்கள்தான் வேண்டாமெண்டனீங்கள்."

வெளிநாட்டில இருந்து பள்ளிக்கூடத்தைப் பாக்க ஆக்கள் வருகினமாம், டிஸ்க் பழசாகித் தானாப் பழுதானது எண்டு சொல்லட்டாம். சொல்லமாட்டன் எண்டன். விழுத்தினது ஆர் எண்டு கேட்டால் சொல்லுவன் எண்டன். கமெராவும் அலுமாரித் திறப்பும் இனி என்னட்ட. முறைச்சார். முறைக்கட்டும்.

மத்தியானம் "வீதி"ச் சைகைகளைத் திரும்பப் பிடிக்கத் தொடங்கினம். லொறி எண்ட சொல்லுக்கு ஒருத்தியும் கையைத் தூக்கேல்ல. அதை விட்டிட்டு பஸ் எண்ட சொல்லுக்குப் போனன்.

நாலு மணி. லெட்சுமியக்கா வயலால நேர வந்து படலையடியில நிண்டா. தலையில இறுக்கிக் கட்டின துணி, உடம்பெல்லாம் வைக்கல் தூசி.

"உள்ள வாங்கோ அக்கா."

"இல்ல டீச்சர், ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அந்தப் படத்துல இருந்தது ஒரு கததானே. கூட இருந்த புள்ளைங்ககிட்ட இன்னும் எவ்வளவோ சொல்லியிருக்கும்ல? அதுககிட்ட நான் கேக்கணும். கேக்குறதுக்கு எனக்குப் பழக்கிக் குடுங்க."

நான் பதில் சொல்ல முதல் விடுதிப் பிள்ளைகள் கண்டிட்டினம். ரஜிதாதான் முதல் ஓடி வந்தவள். வந்து நிண்டு, ரெண்டு கையையும் தலைக்குப் பின்னால கொண்டுபோய் வெறுங்காத்தில ஒரு முடிச்சுப் போட்டாள். பின்னால வந்த எல்லாரும் அதே. தலைக்குப் பின்னால முடிச்சு, முடிச்சு, முடிச்சு.

லெட்சுமியக்கா பதறிப் போனா. "என்ன டீச்சர், துணியக் கழட்டச் சொல்லுதுகளா?" ரெண்டு கையும் பின்னால, முடிச்சுக்குப் போச்சு.

"இல்லையக்கா. அது உங்கட பேர். கௌசி வைச்சது."

கை அப்பிடியே முடிச்சில நிண்டுது. அவ தன்ர பேரைச் சொல்லுறா எண்டு நினைச்சு பிள்ளைகள் எல்லாரும் ஓம், ஓம் எண்டு தலையாட்டிச்சினம்.