ரதி வேஷத்தின் மேல் போட்ட பழி

அன்பு மாப்பிள்ளை மாரிமுத்துவுக்கு,

உன் மச்சான் எழுதுகிறேன். உன்னைக் கொண்டுபோன அதே கட்டி எனக்கும் வந்தது, நான் சாகவில்லை. சந்தோஷமாகச் சொல்லவேண்டிய சேதிதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது.

ஒவ்வொரு மாசியிலும் நம் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் நான் காமன், நீ ரதி. சேலை கட்டி, நெஞ்சில் துணி அடைத்துக்கொண்டு, சிவன் நெற்றிக்கண்ணில் எரிந்துபோன எனக்காக நீ ஒப்பாரி வைத்தால் நமுனுகுல மலையடிவாரத்து லயத்து வீடெல்லாம் அழும். அப்படி அழுதவர்கள்தான், உன் இடது மார்பில் கட்டி வந்தபோது சிரித்தார்கள். "ரதிக்கு நெசமாவே மாரு மொளைக்குதுடோய்!" என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், எல்லாரும் கூடி நிற்கும்போது, கத்தினான் ஒருத்தன். நீயும் சேர்ந்து சிரித்தாய். வேறென்ன செய்வாய்?

தோட்டத்து மருந்துக்காரர் உன் சட்டையைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை. "அது பொம்பளைங்களுக்கு வர்ற நோவு. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுறதுல நரம்பு பிசகியிருக்கும்" என்று தைலம் கொடுத்து அனுப்பினார். கங்காணிக்கோ வேறு நினைப்பு. "விரதத்துல எங்கயோ தப்பு பண்ணிட்ட. ரதியாத்தா கோவிச்சுக்கிட்டா. இந்த வருசமும் வேசங்கட்டு, தன்னால வத்திப்போகும்" என்றார். புண் உடைந்து வாடை அடித்த மார்பைத் துணியால் இறுகக் கட்டி, மேலே சந்தனம் பூசி, உன்னை ஆடவிட்டார்கள். இதற்குப் பேர் பக்தியா? அடுத்த மாசிக்கு நீ இல்லை.

போன மழைக்காலத்தில் குளிக்கும்போது என் மார்பிலும் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலியே இல்லை. காம்பு உள்ளே இழுத்திருந்தது. உன்னுடையதைப் பார்த்தவனுக்கு வேறு யார் சொல்லவேண்டும்? என் தங்கச்சி, உன் பெண்டாட்டி காளியம்மாள்தான் சத்தம் போட்டாள். "அண்ணே, நீங்களும் தைலம் தேச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தா நான் மனுசியா இருக்க மாட்டேன். கெளம்புங்க பதுளைக்கு!" பசறை வழியாக மாட்டு வண்டியில் கூட வந்தவளும் அவள்தான்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் தொட்டுப் பார்த்தார். சிரிக்கவில்லை. "ஆம்பளைக்கும் இந்த நோய் வரும். அபூர்வம், அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதானாம், மாப்பிள்ளை! இதைச் சொல்ல உனக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லையே. மயக்க மருந்து கொடுத்து மார்பையும் அக்குளில் இருந்த கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். கை இன்னும் முழுசாகத் தூக்க வரவில்லை. மறுபடி வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

ஊர் திரும்பினால் லயத்தில் என்ன பேச்சு தெரியுமா? "செத்த ரதி காமனைப் பிடிச்சிருச்சு." உன்னைச் சாகவிட்டது போதாதென்று என் நோய்க்கும் உன் மேல் பழி! நான் ஒருநாளும் சேலை கட்டியதில்லையே, எனக்கு எப்படி வந்தது என்று கங்காணியின் முகத்துக்கு நேரே கேட்டேன். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் காளியம்மாளை ஒதுக்குகிறார்கள். ரதி வேஷம் கட்ட ஒருத்தனும் முன்வரவில்லை.

நான் கட்டுகிறேன். காப்புக் கட்டிக்கொண்டுவிட்டேன். ரவிக்கை போடமாட்டேன், துணி அடைக்கமாட்டேன். தழும்பு தெரிய நடுக்களத்தில் நின்று, இது சாமி குத்தமில்லை, வெட்டி எடுக்கவேண்டிய நோய் என்று சொல்லிவிட்டுத்தான் ஒப்பாரியைத் தொடங்குவேன். இத்தனை வருஷம் நீ அழுதாய், எரிந்த காமனாக நான் மூன்றாம் நாள் உயிரோடு எழுந்து வந்தேன். இந்த மாசியில் அழப்போவது நான். நீ எழுந்து வரமாட்டாய் என்று தெரியும். உன் பேராவது எழுந்திருக்கட்டும்.

காளியம்மாளின் அண்ணன்,
உன் மச்சான் பழனி