சூடு ஆறாத நைலான்

3 ஜூன் 2024, திங்கள்
லேபில் பழைய இரத்தப் பரிசோதனை இயந்திரத்தைக் கழித்துக் கட்டிவிட்டார்கள். புதிது எல்லாவற்றையும் தானே செய்யுமாம். மாதக் கடைசியோடு நானும் வேண்டாமாம். பதினான்கு வருடம்! "பழசை என்ன பண்ணுவீங்க டாக்டர்?" என்றேன். "வேணும்னா எடுத்துக்கோங்க ஹில்டா."

எடுத்துக்கொண்டேன். மூன்று முறை பிளீச்சிங்கில் துடைத்து, லோடு ஆட்டோவில் இரும்புலியூர் வீட்டுக்கு. இரத்தம் உறிஞ்சும் அந்த ஊசி முன்னே பின்னே, இடம் வலம், மேலே கீழே எல்லாம் நகரும். ஊசியைக் கழற்றி வெட்டும் கருவியை மாட்டினால்? கம்ப்யூட்டர் சொல்லும், அது வெட்டும்! சொன்னதும் என் வீட்டுக்காரர் வில்பிரட் சட்டைகூட மாற்றவில்லை. ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்துவிட்டார். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் வாத்தியார் அல்லவா?

9 ஜூன், ஞாயிறு
பிரசங்கம் நடக்கும்போது காணிக்கைக் கவரின் பின்னால் வில்பிரட் வயரிங் வரைந்தார். நான் திருத்தினேன். ஆண்டவர் மன்னிப்பாராக.

15 ஜூன், சனி
வெட்டுகிறது! நைலான் பலகையில் வட்டம் வெட்டச் சொன்னால் முதலில் கோழிமுட்டை வந்தது. திருகுகளை இறுக்கியதும் வட்டம். நிஜ வட்டம்! கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன்.

18 ஜூன், செவ்வாய்
அரை நாள் லீவு. சிங்கப்பெருமாள் கோவிலில் லோகநாதன் சாரின் பட்டறை. பேக்கிங் மிஷின் செய்கிறவர்; அதற்கு நைலான் பாகங்கள் வேண்டும். நான் வெட்டியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணு யார் வோணா பண்ணுவாம்மா. பத்து கொண்டா. பத்தும் ஒரே அளவுல இருக்கணும். இருந்திச்சின்னா மாசா மாசம் வேலை உனுக்குத்தான்."

இன்னொரு லேபில் போய்ப் புதிதாகக் கைகட்டி நிற்க என்னால் முடியாது. இது கிடைத்தே ஆகவேண்டும்.

22 ஜூன், சனி
பத்தும் திரும்பி வந்துவிட்டது. எல்லாமே அளவு கம்மி. எப்படி? ஒவ்வொன்றையும் வெட்டிய கையோடு நானே அளந்தேனே! "இன்னாம்மா, அளக்கத் தெரியாதா?" என்கிறார் லோகநாதன் சார். எனக்கா? எனக்கா அளக்கத் தெரியாது? ரயிலில் தாம்பரம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

23 ஜூன், ஞாயிறு
கண்டுபிடித்துவிட்டேன்! எல்லாம் என் லேப் புத்தி. இரத்தம் கெடுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று பழகிய கை. நைலான் வெட்டும்போது சூடாகி விரிகிறது. சூட்டோடு அளந்தால் சரியாகத்தான் காட்டும். ஆறியதும் சுருங்கிவிடுகிறது.

"இதெல்லாம் எட்டாங் கிளாஸ் பாடம்," என்கிறார் வில்பிரட்.
"அப்ப ஏன் சொல்லல?"
"நீ என்னை ஸ்கேலைத் தொட விட்டியா?"

அதுவும் நியாயம்தான்.

26 ஜூன், புதன்
மெதுவாக வெட்டு. ஒரு மணி நேரம் ஆறவிடு. அப்புறம் அள. காத்திருப்பது எனக்கு ஆகவே ஆகாது. நான்கு காபி ஆயிற்று.

29 ஜூன், சனி
லேபில் கடைசி நாள். கேக் வெட்டினார்கள். நேராக சிங்கப்பெருமாள் கோவில்.

லோகநாதன் சார் பத்தையும் அளந்தார். கடைசியை இரண்டு தடவை. மேஜை டிராயரைத் திறந்து வேறொரு பாகத்தின் படத்தை விரித்தார். "இது இருவது வோணும். எப்போ தருவே?"

கேட்டைத் தாண்டியதும் வில்பிரட்டுக்குப் போன் போட்டுக் கத்தினேன். வாட்ச்மேன் பயந்துவிட்டார்.

11 ஜூலை, வியாழன்
டாக்டர் கூப்பிட்டார். புது மிஷினோடு ஒரே ஆளால் மல்லுக்கட்ட முடியவில்லையாம். "திங்கக்கிழமையிலேர்ந்து வந்துடுங்களேன் ஹில்டா."

சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்? "திங்கக்கிழமை நாப்பது பீஸ் குடுக்கணும் டாக்டர். வேற ஆள் பாத்துக்கோங்க," என்றேன்.

பேசி முடிப்பதற்குள் ஒன்பதாவது பீஸ் ஆறிவிட்டது. அளவு சரி.