எழுதாத கப்பல் கார்ட்கள்

கொட்டாஞ்சேனை

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடதாசியில் எழுதவில்லை என்று கோபிக்க வேண்டாம். வீட்டில் கடதாசி இல்லை. இவர் சேர்க்கும் கப்பல் போஸ்ட்கார்ட்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நாலிலும் ஒரே கப்பல்தான்.

முதலாவதில் அது புதுசு. மேல்தட்டில் தொப்பி போட்ட வெள்ளைக்காரிகள். இரண்டாவதில் யுத்தத்துக்கென்று சாம்பல் நிறம் பூசி, யன்னலெல்லாம் அடைத்திருக்கிறார்கள். மூன்றாவதில் நம் கொழும்புத் துறைமுகத்தில் நிற்கிறது. அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் கை காட்டுகிறார்கள்.

நான் சுகம். கதவுப் பூட்டு பழுதாம். அதனால் இவர் போகும்போது வெளியால் ஆமைப்பூட்டுப் போட்டுத் திறப்பைக் கொண்டுபோகிறார். என் போனும் திருத்தக் கொடுத்திருக்கிறாராம். ஈஸ்டருக்கு நீங்கள் வந்து தட்டியபோது நான் உள்ளேதான் இருந்தேன். "சத்தம் போடாத, ஒருத்தரும் இல்லையெண்டு நினைச்சுப் போயிடுவார்" என்றார். போய்விட்டீர்கள்.

கடைசிக் கார்ட்டில் கப்பலை உடைக்கிறார்கள். இவருக்கு அதுதான் உயிர். "எழுதாத கார்ட்டுக்குத்தான் மதிப்பு, ஒரு புள்ளி பட்டாலும் குப்பை" என்பார். அதில்தான் இந்த வரிகள். பேனை கொஞ்சம் அழுந்திவிட்டது.

மாடி யன்னலால் பாண்காரருக்குக் கூடை இறக்கும்போது இவற்றையும் வைப்பேன். அவரும் உங்கள் வத்தளை ஆள்தான், கொண்டுவந்து தருவார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் இவர் அல்பத்தைத் திறப்பார். அதற்கு முன் வாருங்கள். இந்த முறை தட்ட வேண்டாம். பூட்டு உடைக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

உங்கள் தங்கச்சி